பால் கொடுக்கும் காலத்தில் கணவனும் மனைவியும்

பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பால் இருக்கா?" அடுத்தது, "ராத்திரி தூங்க விடுறானா?" அப்புறம் பேச்சு பத்தியம், பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது என்று போய்விடும். அவளும் அவள் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அநாகரிகம் என்று நினைப்பு.

ஆனால் என் தோழிகள் நடுராத்திரியில், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிற கேள்விகள் இதைப் பற்றித்தான்.

"அவர் பக்கத்துல வந்து படுத்தாலே எரிச்சலா வருதுடி. எனக்கு என்ன ஆச்சு?"

"தையல் ஆறிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாங்கக்கா. இன்னும் வலிக்குது. ஏன்?"

"பால் வாடை அடிக்குதுன்னு சொல்லிட்டாருக்கா. அதுலேர்ந்து நானே தள்ளிப் படுத்துக்கிறேன்."

இவர்களுக்காகவும், இவர்களை விட அதிகமாக இவர்களுடைய கணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பால் கொடுக்கிற மாதங்களில் ஆசை குறைவது அன்பு குறைந்ததற்கு அடையாளம் இல்லை. அது உடம்பு செய்துகொள்கிற ஏற்பாடு. இது தெரிந்தால் இந்தக் காலத்தை இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று கடக்கலாம். தெரியாவிட்டால் அவள் தன்னையே சந்தேகிப்பாள், அவர் அவளைச் சந்தேகிப்பார்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் உச்சத்தில் இருக்கும். அவற்றைச் சுரந்தது நஞ்சுக்கொடி. பிரசவத்தில் அது வெளியே வந்ததும் இரண்டும் சரசரவென இறங்கிவிடும். அந்த இறக்கத்தில்தான் பால் பெருக வழி பிறக்கிறது. மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. பிள்ளை மார்பில் வாய் வைத்துச் சப்பும் ஒவ்வொரு தடவையும் புரோலாக்டின் ஏறுகிறது. இரவில் இன்னும் கூடுதலாக ஏறும்.

அதே நேரத்தில், பிள்ளை தொடர்ந்து சப்புவது சினைப்பைக்கு மூளை அனுப்பும் கட்டளைகளையும் அடக்கி வைக்கிறது. சினைப்பை ஓய்வுக்குப் போகிறது. மாதவிடாய் வராது. ஈஸ்ட்ரோஜன் தரையோடு கிடக்கும். அந்த ஈஸ்ட்ரோஜன்தான் பிறப்புறுப்பின் உட்சுவரை ஈரமாகவும் நெகிழ்வாகவும் வைத்திருப்பது. அது இல்லாவிட்டால் சுவர் மெலிந்து வறண்டுபோகும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் வறட்சிக்கும் இதற்கும் காரணம் ஒன்றே. வயது இருபத்தாறாக இருக்கலாம், உடம்பின் அந்தப் பகுதி மட்டும் ஐம்பதைத் தாண்டிய நிலையில் இருக்கும். தையல் ஆறிய பிறகும் வலிப்பதற்குப் பெரும்பாலும் இந்த வறட்சிதான் காரணம். சிசேரியன் ஆனவர்களுக்கும் இது உண்டு. "கீழே தையலே இல்லையே, ஏன் வலிக்குது?" என்று அவர்கள் குழம்புவது இதனால்தான்.

புரோலாக்டின் அதிகமாக இருப்பதே ஆசையைக் குறைக்கக்கூடியது. ஏதாவது நோயால் புரோலாக்டின் கூடிவிட்டால் ஆண்களுக்கும் இதே ஆசைக்குறைவு வரும். மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம் இது. ஆகவே, பால் கொடுக்கிற மனைவி மனசு வைத்தால் ஆசை வந்துவிடும் என்று எந்தக் கணவரும் நினைக்க வேண்டாம். நம் மனசு சொல்லி இந்தச் சுரப்பு கேட்காது.

இன்னொரு ஹார்மோன் ஆக்ஸிடோசின். மார்புக்குள் உண்டான பாலைக் காம்பு வரை தள்ளிவிடுவது இது. உச்சக்கட்டத்திலும் இதே ஆக்ஸிடோசின்தான் சுரக்கிறது. அதனால்தான் நெருக்கத்தின் நடுவில் சிலருக்குப் பால் தானாகப் பீச்சும், கசியும். "ஐயோ, அசிங்கமாப் போச்சு" என்று சுருங்கிப்போகிற பெண்களிடம் சொல்கிறேன்: உங்கள் உடம்பு சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுச் சேர்ந்தால் கசிவு குறையும். கையோடு ஒரு துண்டு இருந்தால் போதும்.

தொட்டுத் தொட்டு ஓய்ந்த உடம்பு

ஹார்மோன் பாதிதான். மீதி, ஒரு நாளில் அந்த உடம்பை எத்தனை பேர் எத்தனை தடவை தொடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. பிறந்த குழந்தை இருபத்து நான்கு மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம், அரை மணி நேரம். இடையில் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது, மடியில் போட்டு ஆட்டுவது. பால் கட்டிக்கொண்டால் வலி. காம்பில் வெடிப்பு விழுந்தால் பிள்ளை வாய் வைக்கும்போது உயிர் போகும். இதெல்லாம் முடிந்து, பிள்ளை கண் அயர்ந்ததும், அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: யாரும் தன்னைத் தொடாத ஒரு மணி நேரம்.

அந்த நேரத்தில்தான் கணவரின் கை நீள்கிறது. அவர் பிரியத்தோடுதான் நீட்டுகிறார். அவளுக்கு அது இன்னொரு கேட்பாகப் படுகிறது. என் மூத்தவனுக்குப் பால் கொடுத்த நாட்களில் எனக்கு இது நன்றாகவே புரிந்தது. அவர் மேல் கோபம் ஏதும் இல்லை. தோல் மட்டும் வேண்டாம் என்றது. அதை அவரிடம் அப்படியே சொன்னேன். மார்பைத் தொட வேண்டாம், தலையைக் கோதிவிடுங்கள், காலைப் பிடித்துவிடுங்கள் என்றேன். அன்றிலிருந்து ராத்திரிப் பாலுக்குப் பிறகு பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது அவர் வேலை ஆனது. அந்த மாதங்களில் எனக்கு அவர் மேல் இருந்த பிரியத்தை வளர்த்தது அந்த நடைதான்.

இதற்கு நேர் எதிரான பெண்களும் இருக்கிறார்கள். பால் நிறைந்த மார்போடு தன்னை முன்னெப்போதையும் விட அழகாக உணர்கிறவர்கள், ஆசை கூடியவர்கள். அவர்களுக்கும் எந்தக் கோளாறும் இல்லை. கணவருக்கு விருப்பம் இருந்து, உடம்பும் ஆறியிருந்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அவர் பக்கம்

கணவர்களைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். சில ஆண்களுக்கு மனைவியின் நிறைந்த மார்பு புதிய ஈர்ப்பைத் தருகிறது. அதே சமயம் அது இப்போது பிள்ளைக்குச் சொந்தம் என்ற தயக்கமும் வருகிறது. சிலருக்கு மனைவி திடீரென்று தன் அம்மாவின் இடத்துக்குப் போய்விட்டாள் என்ற நினைப்பு வந்து ஆசை அடங்கிவிடுகிறது. சிலர் பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள். அப்படிப்படுவதை நினைத்துத் தங்களையே வெறுக்கிறார்கள். இதையெல்லாம் ஒரு ஆண் யாரிடம் சொல்வான்? நண்பர்களிடம் சொன்னால் கேலி, அம்மாவிடம் சொல்ல முடியாது. அவர்களுக்கும் பேச ஒரு இடம் வேண்டும்.

அப்பாவின் உடம்பும் மாறுகிறது என்பது பலருக்குத் தெரியாது. பிலிப்பைன்ஸில் செபு பகுதியைச் சேர்ந்த அறுநூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. அப்பா ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் நன்றாகக் குறைந்திருந்தது. தினமும் பல மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அது இன்னும் குறைவு. பிள்ளையைத் தூக்கிச் சுமக்கும் அப்பாவுக்கு ஆசை கொஞ்சம் மட்டுப்பட்டால் ஆண்மை போய்விட்டது என்று பதற வேண்டாம். அதுவும் இயற்கை செய்கிற ஏற்பாடுதான்.

கேட்கக் கூசுகிற ஒரு கேள்வியையும் இங்கேயே பேசிவிடுகிறேன். நெருக்கத்தின்போது கணவர் வாயில் பால் பட்டால் தப்பா, பிள்ளைக்குக் குறைந்துவிடுமா? தப்பில்லை, குறையாது. எடுக்க எடுக்கச் சுரப்பதுதான் தாய்ப்பாலின் இயல்பு. ஆனால் அது அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். காம்பில் வெடிப்போ மார்பில் வீக்கமோ இருந்தால் கூடாது. கணவரின் உதட்டோரம் அக்கிக் கொப்புளம் இருந்தால் கூடவே கூடாது. அந்தக் கிருமி பச்சைக் குழந்தைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அந்த நாட்களில் அவர் பிள்ளையை முத்தமிடவும் கூடாது.

சேர்ந்தால் பால் கெட்டுவிடும் என்கிற பயம் ஒன்று இருக்கிறது. இது நம் பாட்டிமார் மட்டும் சொன்னதில்லை. கிரேக்க மருத்துவர் காலனும் பால் கொடுக்கிற பெண் உறவையே விட்டுவிட வேண்டும் என்று எழுதி வைத்தார். அது தவறு. உறவால் பால் கெடாது. பிரசவம் ஆன கையோடு மீண்டும் கருத்தரித்துத் தாய்மார் தேய்ந்துபோகாமல் இருக்க அந்த விலக்கு உதவியிருக்கும். இன்று அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன.

இரண்டாயிரம் வருடப் பேச்சு

இதையெல்லாம் வெளியே பேசுவது நம் பண்பாடு இல்லை என்று எனக்கு அறிவுரை சொல்கிறவர்களுக்கு அகநானூற்றின் 26ஆம் பாட்டைக் காட்டுவேன். பாடியவர் ஒரு பாண்டிய அரசர், கானப்பேரெயில் தந்த உக்கிரப்பெருவழுதி. அதில் பேசுகிறவள் பிள்ளை பெற்ற ஒரு பெண். முன்பெல்லாம் தன்னை அணைத்தால் விட மறுத்தவன், இப்போது மார்பில் ஊறும் பால் தன் மேல் பட்டுவிடுமோ என்று அஞ்சுகிறான். அணைத்த கை தளர்கிறது. அவள் அதைக் கவனித்துவிடுகிறாள். நீங்கள் மற்ற பெண்களுக்கே பொருத்தம், நான் என் மகனுக்குப் பொருத்தம் என்கிற கருத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டு, செவிலியின் கையில் இருக்கும் மகனிடம் போய்விடுகிறாள். அவன் விலகிப் போகவில்லை. தனக்கும் அந்தப் பிள்ளை மேல் காதல் உண்டு என்று சொல்லிக்கொண்டு, பின்னால் வந்து அவள் முதுகை அணைக்கிறான். அவள் மனசு இளகிவிடுகிறது.

பால் கசிவு, ஆணின் தயக்கம், பெண்ணின் ரோஷம், எல்லாமே அதில் இருக்கின்றன. தீர்வும் இருக்கிறது. அவன் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பால் ஊறும் மார்பைத் தேடாமல் முதுகை அணைத்தான்; பிள்ளையைத் தன் போட்டியாக நினைக்காமல் தன் பிள்ளையாகச் சொன்னான். இன்றைய எந்த ஆலோசகரும் இதை விடச் சிறந்த யோசனையைச் சொல்லிவிட முடியாது. நற்றிணை 380ஆம் பாட்டில் வேறொரு கணவன் பரத்தையிடம் போய்விட்டு, பிள்ளை பெற்ற மனைவியிடம் பாணனைத் தூது அனுப்புகிறான். சமையல் கறை படிந்த துணியும் பிள்ளை பெற்ற மணம் ஏறிய உடம்புமாக இருக்கிறவள் அவனுக்கு ஒத்துவர மாட்டாள் என்று சொல்லி, அவள் பக்கத்திலிருந்து தூதை மறுத்துவிடுகிறார்கள். ஒரே சூழ்நிலையில் இரண்டு கணவர்கள். ஒருவனுக்குக் கதவு திறந்தது, ஒருவனுக்கு அடைத்தது.

தாய் வீடும் மல்லிகையும்

நம் ஊரில் தலைப்பிரசவம் தாய் வீட்டில். பச்சை உடம்புக்காரிக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ அங்கே ஓய்வு. அம்மா பக்கத்தில் படுப்பார். கணவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு, மாமியார் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போவார். உடம்பு ஆறுவதற்கு இது நல்ல வழக்கம். ஆனால் ஒரு குறை இருக்கிறது. அந்த மாதங்களில் மனைவியின் உடம்பு படுகிற பாட்டைக் கணவர் பார்ப்பதே இல்லை. ராத்திரி அழுகை, காம்பு வெடிப்பு, தூக்கமின்மை எதுவும் அவர் கண்ணில் படாது. நல்ல நாள் பார்த்து அவளை அழைத்து வரும்போது, பழைய மனைவி அப்படியே திரும்பி வருகிறாள் என்று நினைத்துக் காத்திருப்பார். அவளோ இன்னும் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஈஸ்ட்ரோஜன் இன்னும் கீழேதான் இருக்கிறது. முதல் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கணவர்களே, முடிந்தால் தாய் வீட்டில் சில இரவுகளாவது தங்கி, பிள்ளையோடு விழித்திருங்கள். மாமியார்களே, அதற்கு இடம் கொடுங்கள்.

மல்லிகைப்பூ பற்றியும் பலர் கேட்கிறார்கள். பால் கொடுப்பவள் மல்லிகை வைத்தால் பால் வற்றிவிடும் என்று சில வீடுகளில் தலைக்கே பூ வைக்க விடுவதில்லை. இதில் ஓர் உண்மை இருக்கிறது. பிள்ளையை இழந்த தாய்மாருக்குப் பாலை வற்றவைக்க, மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் இதை மாத்திரையோடு ஒப்பிட்டு ஆய்ந்து 1988இல் வெளியிட்டார்கள். பூ கட்டியவர்களுக்கும் பால் குறைந்தது, புரோலாக்டினும் இறங்கியது. ஆனால் அவர்கள் சோதித்தது மார்பில் ஒட்டிக் கட்டிய பூவை. ஒரு பெண் ஆசைப்பட்டுத் தலையில் வைக்கிற ஒரு முழம் பூவுக்கு அந்த ஆய்வைக் காரணம் காட்ட முடியாது.

அடுத்த கர்ப்பம் பற்றிய பயம்

ஆசையை அடக்குகிற பெரிய பூட்டு இந்தப் பயம். "பால் கொடுக்கிற வரைக்கும் நிக்காது" என்பது பாதி உண்மை. 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள் அதற்கு மூன்று நிபந்தனைகளைத் தெளிவாக்கினார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பாலே உணவாக இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் 98 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு. ஒன்று தவறினாலும் வேறு வழி வேண்டும். மாதவிடாய் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். கருமுட்டை முதல் மாதவிடாய்க்கு முன்பே வந்துவிடலாம்.

ஆணுறை எப்போதும் உண்டு. காப்பர்-டி பிரசவம் முடிந்த கையோடு போட்டுக்கொள்ளலாம். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் 'சாயா' மாத்திரை ஹார்மோன் இல்லாதது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடுகிற 'அந்தரா' ஊசியை ஆறு வாரத்துக்குப் பிறகு போடலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த சாதாரணக் கருத்தடை மாத்திரையை மட்டும் முதல் ஆறு மாதம் நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

என்ன செய்யலாம்

ஆறு வாரப் பரிசோதனையில் காயம் ஆறியிருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். ஆறிவிட்டது என்றால் ஆரம்பிக்கலாம் என்று பொருள், ஆரம்பித்தே ஆக வேண்டும் என்று பொருள் இல்லை.

வறட்சிக்கு நீர் சார்ந்த லூப்ரிகன்ட் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். தேங்காய் எண்ணெயை ஆணுறையோடு சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் உறை நைந்து கிழியும். ஜெல் போட்டும் வலி இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். உள்ளே தடவுகிற குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு உட்பட அதற்கு மருந்து இருக்கிறது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டால், அடுத்த தடவை உடம்பு முன்கூட்டியே பயந்து இறுகும். வலியோடு சேர வேண்டாம்.

வேண்டாம் என்று சொல்லும்போது எது வேண்டும் என்றும் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காரலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம், மொட்டைமாடியில் பத்து நிமிடம் நடக்கலாம். கணவர்களே, தொடும்போது, இது வேறெதற்கும் முன்னுரை இல்லை என்று மனைவி நம்புகிற மாதிரி தொடுங்கள். அணையாடை மாற்றுங்கள், துணி காயப்போடுங்கள், அவளை இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க விடுங்கள்.

சோகம் விடாமல் இருந்தால், பிள்ளையைப் பார்த்தும் சந்தோஷம் வரவில்லை என்றால், தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால், அது பால் கொடுப்பதால் வரும் ஆசைக்குறைவு மட்டும் அல்ல. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன.

ஆசை எப்போது திரும்பும்? பிள்ளை திட உணவுக்கு மாறி, பால் குடிக்கும் தடவை குறையும்போது புரோலாக்டின் இறங்கும், மாதவிடாய் திரும்பும், ஈரமும் ஆசையும் பெரும்பாலோருக்குத் திரும்பும். இதற்காகவே பாலை நிறுத்தச் சொல்லி யாரும் அவளை நெருக்கக் கூடாது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு இரண்டு வருடமும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டியவள் பால் கொடுப்பவள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு ஆறாவது வாரம் பென்டாவேலன்ட் தடுப்பூசி போட எப்படியும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ போவீர்கள். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். கணவர் வெளியே வண்டியோடு நிற்க வேண்டாம், உள்ளே வாருங்கள். வலி, வறட்சி, கருத்தடை, ஆசை என்று மனசில் இருக்கிற எல்லாவற்றையும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ இரண்டு பேரும் காதால் கேட்கும்படி கேளுங்கள். நீங்கள் கேட்கப் போகிற எதுவும் அவர்களுக்குப் புதிது இல்லை.